தண்ணீர் இருந்த மலை

“தண்ணி எடுத்துக்கிட்டீங்களா சார்? மேல ஒண்ணும் கெடைக்காது. கையில தொங்க வுடாதீங்க, கொரங்கு புடுங்கிடும்.”

ராஜகிரி அடிவாரத்தில் வெள்ளரிப் பிஞ்சு விற்கிற அம்மா சொன்னது இது. ஒரு பாட்டில் போதாது என்று இரண்டாவது பாட்டிலையும் அவரே என் பைக்குள் திணித்துக் காசு வாங்கிக்கொண்டார். வியாபாரம் ஒருபக்கம் இருக்கட்டும், அவர் சொன்னது சரிதான். செஞ்சிக் கோட்டைக்கு ஏறுகிறவர்கள் எல்லாரும் இன்று தண்ணீரைக் கீழிருந்து சுமந்துகொண்டுதான் போகிறார்கள். மேலே தண்ணீர் இருந்ததால்தான் அந்தக் கோட்டையே அங்கே பிறந்தது என்பது என் கட்சி.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பேருந்தில் போனவர்களுக்கு இந்த இடம் தெரியும். ஊரைத் தாண்டியதும் சாலையே கோட்டைக்கு ஊடாகப் போகும். வடக்கே கிருஷ்ணகிரி, மேற்கே ராஜகிரி, தென்கிழக்கே சந்திரகிரி. மூன்று மலைகளையும் ஒரு முக்கோணத்தின் மூன்று மூலைகளாக வைத்து மதில் ஓடுகிறது. மதிலின் மொத்த நீளம் சுமார் 13 கிலோமீட்டர் என்பார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் ஒரு முறை கொட்டாவி விடுவதற்குள் ஒரு மதிலைத் தாண்டியிருப்பார்.

அந்த மலைகளைப் பார்த்தால் முதலில் தோன்றுவது, இவை மலைகள்தானா என்பதுதான். யாரோ ஒரு ராட்சதப் பிள்ளை கல் பொறுக்கி விளையாடிவிட்டு, அம்மா கூப்பிட்டதும் அப்படியே கொட்டிவிட்டு ஓடியதுபோல் இருக்கும். வீடு அளவு கல், லாரி அளவு கல், ஒன்றின் தோளில் ஒன்று. தொட்டால் உருண்டுவிடும்போல் நிற்கும், ஆனால் உருளாது. இந்தக் கருங்கல்லுக்கு 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயது. யாரும் இவற்றைக் கொண்டுவந்து அடுக்கவில்லை. பூமிக்கடியில் ஒரே பாளமாகக் கிடந்த கல்லில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு விழுந்தது. வெடிப்பு வழியே மழைநீர் இறங்கி, கல்லின் மூலைகளையும் விளிம்புகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. வெங்காயம் உரிவதுபோல் தோல் தோலாக உரிந்து, சதுரக் கல் உருண்டைக் கல் ஆனது. சுற்றியிருந்த மண்ணை மழை அடித்துக்கொண்டு போனபின் உருண்டைகள் மட்டும் மிஞ்சி, ஒன்றன்மேல் ஒன்றாக நின்றுவிட்டன.

இதில் கவனிக்க வேண்டியது வெடிப்புகளைத்தான். கல்லை உடைத்த அதே வெடிப்புதான் தண்ணீரையும் பிடித்து வைக்கிறது. மேலே பெய்கிற மழை விரிசலில் இறங்கி, அடியில் வெடிப்பில்லாத பாறையைத் தொட்டதும் போக வழியின்றி, எங்கோ ஓர் இடுக்கில் கசிந்து வெளிவருகிறது. அதுதான் சுனை. செஞ்சியில் பெரிய மலையான ராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 800 அடி. அதன் உச்சிக் கோட்டையில் இரண்டு நன்னீர்ச் சுனைகளும், அதற்குக் கீழே மழைநீரைத் தேக்க மூன்று நீர்த்தேக்கங்களும் உண்டு. சுற்றிலும் வெயிலில் வறுபடுகிற கருங்கல், நடுவில் குடிக்கிற தண்ணீர். இதைக் கண்டுபிடித்தவன்தான் கோட்டையைக் கண்டுபிடித்தவன்.

யார் அவன்? இங்கேதான் கதை வருகிறது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கும்பெனி அதிகாரிகள் ஊர் ஊராகப் பழங்கதை கேட்டு எழுதி வாங்கிய காலம். அப்போது நாராயணன் பிள்ளை என்பவர் எழுதியது ‘கர்னாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’. கும்பெனி அதிகாரி மெக்கன்சியின் தொகுப்பில் அது இருக்கிறது. செஞ்சியின் பிறப்பை அந்தச் சுவடி சொல்கிற விதம் இது. ஏறத்தாழ 1190-இல் ஆனந்தக் கோன் என்ற ஆயர், மேற்கு மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோது பாறைப் பொந்து ஒன்றில் புதையலைக் கண்டார். அந்தப் பொருளைக் கொண்டு ஆள் சேர்த்தார். தேவனூர், ஜெயங்கொண்டான், மேலச்சேரி என்று அக்கம்பக்கத்துச் சிற்றரசர்களை அடக்கினார். கமலகிரி என்று இருந்த அந்த மலையில் சிறிய கோட்டை ஒன்றைக் கட்டி, தன் பெயரால் ஆனந்தகிரி என்று அழைத்தார். அந்தக் கமலகிரிதான் இன்றைய ராஜகிரி.

நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் எழுதப்பட்ட காலத்துக்கும் நடுவே 600 ஆண்டுகள். அதனால் வரலாற்று ஆசிரியர்கள் இந்தக் கதையை எடுத்துச் சொல்லிவிட்டு, மெல்லத் தொண்டையைக் கனைத்துக்கொள்வார்கள். நியாயம்தான். மேய்ப்பன் புதையல் எடுத்து ராஜாவான கதை நம் நாட்டில் பல மலைகளுக்கு உண்டு. ஆனால் தூக்கிப் போடுவதற்கு முன் அதைத் தமிழாகக் கொஞ்சம் படித்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘கோன்’ என்றால் அரசன். ‘கோன்’ என்றால் இடையரின் பட்டமும்கூட. கையில் இருக்கிற ‘கோல்’ மாட்டையும் மேய்க்கும், ‘செங்’ சேர்ந்தால் நாட்டையும் ஆளும். இன்னும் ஒன்று: ‘மாடு’ என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் செல்வம் என்றே பொருள். புதையல் பொந்துக்குள்தான் இருந்திருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? அது நாலு காலில் நடந்துகூட வந்திருக்கலாம். பெரிய மந்தை வைத்திருந்தவனிடம் பணமும் இருந்தது, காவலுக்குத் தடியெடுத்த ஆட்களும் இருந்தார்கள். ஒரு சிற்றரசனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆடு மேய்த்தவன் ஆண்டான் என்பதை ஏற்கச் சங்கடப்பட்ட பின்னாள்காரர்கள் நடுவே ஒரு புதையலைச் செருகியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

சரி, புதையலே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தப் பொந்துவரை ஒருவனை இழுத்துச் சென்றது எது? இதை மதிலுக்கு வெளியே ஆடு ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். தலையில் துண்டு, தோளில் தொரட்டி.

“சொன எங்க இருக்குன்னு நாம தேட வாணாம் தம்பி. வெயில் ஏறுச்சுன்னா ஆடே போய் நின்னுக்கும். நாம பின்னால போனா போதும்.”

வேலை முடிந்தது என்பதுபோல் அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். நாலைந்து புத்தகங்கள் புரட்டியும் கிடைக்காதது ஒரு வாக்கியத்தில் கிடைத்தது.

இதற்கு ஒரு சாட்சியும் உண்டு, அதுவும் கோனுக்கு மூத்த சாட்சி. ராஜகிரி ஏறும் வழியில் கமலக்கன்னியம்மன் கோயில் இருக்கிறது. எதிரே எருமை பலியிட்ட கல். மலைக்குக் கமலகிரி என்ற பேர் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க அதிக நேரம் வேண்டாம். ஊருக்குச் செஞ்சி என்ற பேரைத் தந்ததாகச் சொல்லப்படும் செஞ்சியம்மனும் இந்தக் கமலக்கன்னியும் ஏழு கன்னிமாரில் சேர்ந்தவர்கள் என்பது உள்ளூர் வழக்கு. நம் ஊர்களில் கன்னிமாரை எங்கே வைத்துக் கும்பிடுவார்கள்? ஏரிக்கரையில், ஓடைக்கரையில், சுனையோரத்தில். ஏழு கல்லை நட்டு மஞ்சள் பூசியிருந்தால் பக்கத்தில் தண்ணீர் இருக்கும். ஆக, கோட்டைக்கு முன் அங்கே ஒரு தெய்வம் இருந்தது, தெய்வத்துக்கு முன் தண்ணீர் இருந்தது.

மனிதர்களும் இருந்தார்கள். பக்கத்தில் திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் ஒரே பாறையில் செதுக்கப்பட்டிருக்கின்றன. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்ததைச் சொல்லும் பழங்கல்வெட்டும் அங்கேதான். செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் வழியில் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் எடுத்த கோயில் என்று மகேந்திரவர்ம பல்லவன் கல்லில் எழுதிவைத்துப் பெருமைப்பட்டுக்கொண்ட குடைவரை. அது 7-ஆம் நூற்றாண்டு. ஆனந்தக் கோன் மதில் கட்ட நினைத்தபோது, கருங்கல்லின் ஓட்டம் பார்த்து உளி வைக்கத் தெரிந்த கைகள் இந்தச் சீமையில் ஏற்கெனவே ஐந்நூறு வருடங்களாக இருந்தன.

அந்த முதல் கோட்டை எப்படி இருந்திருக்கும்? இப்போது நாம் பார்க்கிற பிரம்மாண்டத்தை மனத்திலிருந்து அழித்துவிட வேண்டும். ஏறும்போது சுவரைப் பார்க்காமல், சுவர் முடிகிற இடங்களைப் பாருங்கள். பல இடங்களில் மதில் வந்து ஒரு பெரிய பாறையில் முட்டி நிற்கும். பாறை தாண்டி, அடுத்த இடைவெளியில் மறுபடி தொடங்கும். பாறை இருக்கிற இடத்தில் சுவர் கிடையாது, பாறைதான் சுவர். மனிதன் கட்டியது இடுக்குகளை அடைக்க மட்டும்.

ஆட்டுப் பட்டி போடுகிறவர்கள் செய்வதும் இதையேதான். நாலு பக்கமும் வேலி கட்டுகிற வேலையை எந்த மேய்ப்பரும் இழுத்துப் போட்டுக்கொள்ள மாட்டார். இரண்டு பாறை நடுவே ஒதுக்கம் பார்த்து, திறந்த பக்கத்தில் கல்லும் முள்ளும் வைத்து அடைத்துவிட்டால் பட்டி முடிந்தது. உள்ளே தண்ணீர் இருக்க வேண்டும், வழி ஒன்றுதான் இருக்க வேண்டும், அந்த வழியில் ஒரு ஆள் படுத்தால் போதுமானதாக இருக்க வேண்டும். நரிக்குப் போடுகிற கணக்குதான் எதிரிக்கும். ராஜகிரி உச்சிக்குச் சற்றுக் கீழே, மலையே பிளந்து நிற்கிற ஓர் இடம் வருகிறது. அகலம் ஏறத்தாழ 24 அடி, ஆழம் 60 அடி. அந்தக் காலத்தில் அதன்மேல் கிடந்தது ஒரு மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வேறு வழி கிடையாது. உலகத்தின் மிகச் சிறிய பட்டிவாசல் அதுவாகத்தான் இருக்கும்.

ஆனந்தக் கோனுக்குப் பின் வந்த கிருஷ்ணக் கோன் வடக்கு மலையை அடைத்துக் கட்டினார். அது கிருஷ்ணகிரி ஆயிற்று. அதன்பின் கோனேரிக் கோன், கோவிந்தக் கோன் என்று சுவடி சொல்லிக்கொண்டே போய், 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோன்களின் வரிசையை முடித்துவிடுகிறது. பிறகு குறும்பர் தலைவன் ஒருவன், பிறகு விஜயநகரம்.

விஜயநகரத்தின் பேரில் ஆண்ட நாயக்கர்கள் வந்ததும் பட்டி பட்டணமானது. அவர்களில் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டவர் துபாக்கி கிருஷ்ணப்ப நாயக்கர். பெயரிலேயே துப்பாக்கி. காலம் மாறிவிட்டதற்கு வேறு அறிவிப்பு வேண்டுமா? குண்டு விழுகிற காலத்தில் வெறும் கல் சுவர் நொறுங்கும். இரண்டு பக்கமும் கல் முகம் வைத்து நடுவே மண் கொட்டிக் கெட்டித்தால் குண்டு உள்ளே புதைந்து போகும். செஞ்சி மதில்களின் பருமனுக்குப் பொருள் அதுதான். வெளியே அகழி 80 அடி அகலம் வரை. மலைகளின் நடுவில் இருந்த சமவெளியும் வயலும் உள்ளே வந்தன. தானியக் களஞ்சியங்கள், வெங்கட்ரமணர் கோயில், ஆனைக்குளம், படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே மேலேறும் கல்யாண மகால். 1597-இல் இங்கே வந்த பிமென்டா என்ற ஏசு சபைப் பாதிரியார், இந்தியாவில் தாம் பார்த்ததிலேயே பெரிய நகரம் இதுதான், போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர எதுவும் இதற்கு ஈடில்லை என்று எழுதினார். இன்று செஞ்சிப் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு இதை நினைத்துப் பார்ப்பது ஒரு தனி அனுபவம்.

கல்யாண மகாலின் மேல்மாடிவரை சுடுமண் குழாயில் தண்ணீர் ஏறியது என்று வழிகாட்டிகள் கண்களை விரித்துச் சொல்வார்கள். மந்திரம் ஒன்றும் தேவையில்லை. உயரத்தில் இருக்கிற நீர்த்தேக்கத்திலிருந்து குழாயில் இறங்கிய தண்ணீர், மறுபக்கம் கிட்டத்தட்ட அதே மட்டத்துக்கு ஏறித்தான் ஆகும். சக்கரகுளமும் செட்டிகுளமும் மலையடிவாரத்து மேட்டில் இருக்கின்றன. செட்டிகுளம் பிற்பாடு, 18-ஆம் நூற்றாண்டில், ராம செட்டி என்பவர் வெட்டியது. அரசர்கள் மதிலுக்கு மேல் மதில் எழுப்பிக்கொண்டிருந்த ஊரில் ஒரு செட்டியாருக்குக் குளம் வெட்டத் தோன்றியிருக்கிறது. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது.

பிஜப்பூர்க்காரர்கள் 1640-களின் கடைசியில் கோட்டையைப் பிடித்தார்கள். 1677-இல் சிவாஜி பிடித்தார். பிடித்தவர் அதோடு விடவில்லை. பழைய மதில்களில் வேண்டாததை இடித்து, புதிது எழுப்பி, அகழியை ஆழமாக்கிய வேலையைப் பார்த்த ஆண்ட்ரே ஃப்ரெய்ர் என்ற பாதிரியார், ஐரோப்பியக் கைகளிலிருந்தும் இதைவிட நேர்த்தியாக வராது என்ற பொருள்பட எழுதினார். அந்த வேலைக்குப் பலன் சிவாஜியின் மகனுக்குக் கிடைத்தது. 1689-இல் அண்ணன் சம்பாஜி கொல்லப்பட்டபின் தெற்கே தப்பி வந்த ராஜாராம் இங்கேதான் புகுந்தார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் வந்து முற்றுகை போட்டார். 1698-இன் தொடக்கத்தில்தான் கோட்டை விழுந்தது. அதற்குள் ராஜாராம் நழுவிவிட்டார். முற்றுகைக்காரர்களுக்கு உள்ளேயே ஆயிரம் சண்டை, பேரம், சந்தேகம். அதெல்லாம் தனிக் கதை. என் கதைக்கு வேண்டியது ஒன்றுதான். இத்தனை வருடம் ஒரு கோட்டை வெறும் மதிலை நம்பி நிற்க முடியாது. உள்ளே நெல் இருந்தது, நெல்லைப் பொங்கத் தண்ணீர் இருந்தது.

செஞ்சி என்றதும் நாம் எல்லாரும் சொல்கிற பெயர் தேசிங்கு. புந்தேலா ராஜபுத்திரரான சொரூப் சிங்கின் மகன் தேஜ் சிங், ஆற்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்ட மறுத்து, 1714-இல் சிறு படையோடு அந்த நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்துப் போய்ச் செத்தான். 22 வயது. கோட்டைக்குள்ளேயே இருந்திருந்தால் நெடுநாள் தாக்குப்பிடித்திருக்கலாம். குதிரையேறி வெளியே போனவன்தான் பாட்டில் வாழ்கிறான். ஆண்டது மாதக்கணக்கில், பாடப்பட்டது நூற்றாண்டுக்கணக்கில். இவ்வளவையும் தொடங்கிவைத்த ஆனந்தக் கோனுக்கு ஊருக்கு ஊர் பாடுகிற ஒரு பாட்டு இல்லை.

1750 செப்டம்பரில் புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தது. விடிந்தபின் அண்ணாந்து பார்த்து, இதையா பிடித்தோம் என்று அவர்களே மலைத்துப்போனதாகச் சொல்வார்கள். முகலாயருக்கு ஏழெட்டு வருடம் எடுத்தது இவர்களுக்கு ஓர் இரவு. உள்ளே இருந்தவர்கள் தோற்றுவந்து ஒதுங்கிய, கலைந்துபோன படை. எந்தப் பட்டிக்கும் வாசலில் விழித்திருக்கிற ஆள் வேண்டும். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து 1761-இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். வந்த வெள்ளைச் சிப்பாய்களை இந்த இடத்தின் காய்ச்சல் வாட்டி எடுத்தது. அகழியும் குளமும் சதுப்புமாகத் தேங்கிய தண்ணீர்! கோட்டையைப் பெற்ற அதே தண்ணீர்தான் குடியிருக்க வந்தவர்களைப் படுக்கவும் வைத்தது. ஹைதர் அலியின் படை 1780-இல் ஒரு முறை வந்துபோனதற்குப் பின் செஞ்சிக்காகச் சண்டை போட ஆளில்லை. வெங்கட்ரமணர் கோயில் தூண்கள் புதுச்சேரிக்கு வண்டியேறின. கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற உயரமான தூண்கள் செஞ்சியிலிருந்து போனவைதாம். அவற்றில் சாய்ந்துகொண்டு சுண்டல் தின்ற எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஒவ்வொருவரும் வந்து ஒரு பெயர் வைத்தார்கள். பிஜப்பூரார் பாதுஷாபாத் என்றார்கள். மராட்டியர் சந்தி என்று தங்கள் நாக்குக்கு வளைத்துக்கொண்டார்கள். முகலாயர் சுல்பிகர் கானின் பட்டத்தால் நஸ்ரத்கட் என்றார்கள். ஆங்கிலேயர் வாயில் அது ஜிஞ்சி. ஒன்றும் நிலைக்கவில்லை, கன்னியின் பேர்தான் நிலைத்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, மராட்டியரின் ராணுவ நிலப்பரப்பு என்ற தலைப்பின் கீழ்ச் சேர்த்தது. பட்டியலில் 12 கோட்டைகள், 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று இங்கே. சிவாஜி கட்டிய மதிலைப் பார்த்தால் இதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயருக்கு நேரே கடைசியாகக் குடிவந்தவர்களில் ஒருவர் பெயர் எழுதியதுபோல் எனக்கு ஒரு சின்ன உறுத்தல் இருக்கத்தான் செய்கிறது.

மேலே போய்ச் சேரும்போது எனக்கு இரண்டாவது பாட்டிலும் காலி. அரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, களஞ்சியம், ஒரு பீரங்கி. அதன் வாய் வழியே பார்த்தால் வயலும் ஏரியும் தெரிகின்றன. குரங்கு ஒன்று என் காலிப் பாட்டிலை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்து, ஏமாந்து வீசிவிட்டது. பிறகு அது போன திசையில் பாறை இடுக்கு ஒன்றில் குனிந்து வாயை வைத்தது. எட்டிப் பார்த்தேன். பச்சையாக, தூசி படிந்து, கைகழுவக்கூட யோசிக்க வேண்டிய தண்ணீர். ஆனால் தண்ணீர்.

இறங்கி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. காலையில் பார்த்த பெரியவர் வெளிமதில் சரிந்து கிடந்த ஒரு பக்கமாக ஆடுகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் மதில். நடுவிலிருந்த திறப்பில் வேலிக்கருவை முள்ளை இழுத்துப் போட்டு, காலால் மிதித்து அழுத்தினார். ஒரு குட்டி மட்டும் வெளியே நின்றுவிட்டது. முள்ளைக் கொஞ்சம் விலக்கி, அதன் காதைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு, மறுபடி அடைத்தார்.